நாலு மணிக் கோப்பி

மாத்தளையில் எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியை ஜெர்மன்காரர். தேயிலைத் தோட்டத்து இஞ்சினியராயிருந்த கணவர் இறந்தபின்னும் ஊர் திரும்பாதவர். ஞாயிறுதோறும் நாலு மணிக்கு மாணவிகள் சிலரை அழைத்துக் கோப்பியும் கேக்கும் தருவார். அது அவருடைய நாட்டு வழக்கம். மாவுக்குத் தட்டுப்பாடான அந்நாட்களில் ரவையில் செய்த கேக் தட்டிலேயே உதிரும். மேசைவிரிப்பில் மட்டும் ஒரு சுருக்கம் இராது. அந்த மேசையில் ஒருமுறை மறுத்தால் மறுத்ததுதான். முதல் வாரம் பசியோடு திரும்பியபோதே அதை அறிந்துகொண்டேன்.

பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு நெருங்கியபோது என் அம்மாவையும் அழைத்துவரச் சொன்னார். றத்தோட்டைக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் ஒற்றை அறையில் தம்பி தங்கைகளுக்கு நடுவே படித்துக்கொண்டிருந்த எனக்குத் தம் வீட்டில் ஓர் அறை தர அவர் எண்ணியிருந்தார். அமைதியாய்ப் படிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன். "ரூம் தர்றேன்னு சொல்லுவாங்க. ஒருதடவதான் கேப்பாங்க. ஒடனே சரின்னுடுங்கம்மா."

"கேட்ட ஒடனே கைய நீட்டுனா, சோறு காணாத சனம்னு நெனைக்கமாட்டாங்களா? நீ சும்மா வா."

கேக்கை நீட்டியதும் அம்மா, "வேண்டாங்க தொரசாணி, இப்பதான் சாப்பிட்டோம்" என்றார். காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ஆசிரியை தலையசைத்துத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அம்மாவின் பார்வை தட்டோடு நகர்ந்தது.

பிறகு ஆசிரியை, தோட்டத்தில் கற்ற தமிழில் கேட்டார். "சோதனை முடியிற வரைக்கும் புள்ள இங்க தங்கட்டுமா? ரூம் இருக்கு."

அம்மாவின் முகம் ஒரு கணம் தெளிந்தது. இது கேக்கைவிடப் பெரிய காரியம். இன்னும் கூடுதலாக மறுப்பதே மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க அந்தச் செரமம்? வேண்டாங்க, வேண்டவே வேண்டாங்க."

"சரி அம்மா. நீங்க சொல்றபடி."

அவர் குரலில் கோபமில்லை. ஒரு தாயின் முடிவை மதிக்கும் நிதானமே இருந்தது. நான் வாய் திறந்திருந்தால் அம்மா அந்த மேசையில் பொய் சொன்னவராகியிருப்பார். ஆறிய கோப்பியைக் குடித்து முடித்தேன்.

"இன்னொருக்கா கேட்டிருந்தா சரின்னிருப்பேன்," என்றார் அம்மா, பஸ்ஸில்.

"கேக்கமாட்டாங்கம்மா."

"கேப்பாங்க. பொம்பளப் புள்ள விசயம். யோசிச்சுக் கேப்பாங்க."

அடுத்த ஞாயிறு அம்மா என் புத்தகப் பையில் இரண்டு சட்டைகளையும் ஒரு துவாயையும் மடித்து வைத்தார். ஆசிரியை கேக்கை வெட்டினார். பாடங்களைப் பற்றி விசாரித்தார். அறையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இருட்டுமுன் லயத்துக்குத் திரும்பினேன். வாசலில் நின்ற அம்மா பையை வாங்கினார். புத்தகங்களை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, துணிகளோடு அதை ஆணியில் மாட்டினார்.