இறாத்தல் நூலும் அரைக் கிலோக் கல்லும்

இடுப்பில் கட்டும் புதுக் கைத்தறிச் சாரனை இன்று பிரித்ததும் சாய வாசம் எழுந்தது. எனக்கோ பழைய கோபம்தான் வந்தது. மருதமுனையில், தறிகள் தடதடக்கும் ஒழுங்கையின் முடிவில், நூல் கற்றைகள் கூரைவரை தொங்கிய ஒரு கடையில், இறாத்தல் போய்க் கிலோ வந்துகொண்டிருந்த எண்பதுகளின் தொடக்கத்தில், முதலாளி இறாத்தல் கல்லால் நிறுத்து, உம்மாவுக்கு நெய்ய நூல் கொடுப்பார். உம்மா நெய்துகொண்டுபோன சாரன்களை அரைக் கிலோக் கல் வைத்து நிறுப்பார். இரண்டும் ஒன்றுதான் என்பது அவருடைய சட்டம். ஒவ்வொரு முறையும் நிறை குறையும். ஒருநாள் உம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

“மிச்ச நூலெங்க, கள்ளி? மகள்ர சட்டையிலயா?”

“இது கடையில வாங்கின சீத்தைத் துணி, முதலாளி. இறாத்தலெண்டா நானூத்தி ஐம்பத்திநாலு கிராம்தான், அரைக் கிலோ இல்ல” என்றேன்.

“இஸ்கூல் கணக்க இஸ்கூல்ல வை.”

உம்மா எட்டி, இரண்டு கற்களையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்தார். அரைக் கிலோ இறங்கியது. காத்துநின்ற பெண்களெல்லாம் பார்த்தார்கள். முதலாளி இறாத்தல் கல்லை எடுத்து மேசைக்கடியில் எறிந்தார்.

“சரி, இனி எல்லாம் கிலோதான்.”

அன்றிலிருந்து நூலுக்கும் சாரனுக்கும் ஒரே கல். இன்று அந்தக் கடையும் இல்லை, அவரும் இல்லை. கள்ளி என்ற சொல்லை மட்டும் அவர் கடைசிவரை திருப்பி எடுக்கவில்லை.