எந்தக் கை முதலில்?

இத்தனை வருஷம் வராதே வராதே என்று வேண்டிக்கொண்டதை, வந்து தொலையேன் என்று கூப்பிட்டபடி உட்கார்ந்திருந்தோம். என் தங்கைக்கு வலிப்பு வரவேண்டும், அதுவும் கேமராவுக்கு முன்னால். தலை முழுக்க ஒயர் ஒட்டி, மாத்திரையைக் குறைத்து, தாம்பரம் பக்கம் ஒரு மருத்துவமனையில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். மூளையில் எந்த இடத்திலிருந்து அது கிளம்புகிறது என்று தெரிந்தால்தான் ஆபரேஷன். மாத்திரை எதற்கும் அடங்காதவளுக்கு வேறு வழியும் இல்லை.

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன்.

"உக்காருக்கா, எனக்கு வர்றதுக்குள்ள உனக்கு வந்துடும் போலிருக்கு" என்றாள் தங்கை. அம்மா முறைத்தாள். வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

முதல் நாளே டாக்டர் கேட்டார்: "வரும்போது எந்தக் கை முதல்ல இழுக்குது?" அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். தெரியாது! எப்படித் தெரியும்? ஊரப்பாக்கம் ஸ்டேஷனோ, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையோ, கல்யாண வீடோ, அவள் கண் நிலைகுத்தியதும் அம்மா முந்தானையை விரித்து மறைத்துவிடுவாள். நான் முதுகைக் காட்டி நின்று, "மயக்கம்தான், ஒண்ணுமில்ல, போங்க" என்று கூட்டத்தை விரட்டுவேன். வேடிக்கை பார்த்தவர்களைத்தான் பார்த்தேனே தவிர, அவளைப் பார்த்ததில்லை.

பதற்றத்தில் போனை நோண்டி, இந்த அறுவை சிகிச்சையின் கதையைப் படித்தேன். ஸ்கேன் இல்லாத காலத்தில், கட்டைவிரல்தான் முதலில் துடித்தது என்பது போன்ற அடையாளத்தை நம்பியே மண்டையோட்டைத் திறந்திருக்கிறார்கள். பிறகு, ஆள் விழித்திருக்கும்போதே மூளையை லேசான மின்சாரத்தால் தொட்டு, என்ன தோன்றுகிறது என்று கேட்டுக் கேட்டு வெட்டியிருக்கிறார்கள். ஓர் இளைஞனுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலும் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதற்குப் பிறகு சந்தித்த யாரையும் அவனால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. இவள் நாளை என்னையே யார் என்று கேட்டால்?

டாக்டரைப் பிடித்துக் கேட்டேவிட்டேன். "அதுல கத்துக்கிட்டதாலதான் இப்ப ஒரு பக்கம் மட்டும் எடுக்கிறோம். இடம் சரியா தெரியாம நான் கத்தியைத் தொடமாட்டேன்மா" என்றார்.

மறுநாள் மதியம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. நர்ஸைக் கூப்பிடும் பட்டனை நான் அமுக்குவதற்குள் அம்மா பாய்ந்து, முந்தானையை விரித்துக் கவிந்துவிட்டாள்.

"அம்மா, தள்ளுங்க! கேமரா மறைக்குது!" என்று நர்ஸ் ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூளையின் அலைகள் பதிவாகியிருந்தன. படத்தில் அம்மாவின் முதுகு மட்டும்தான்.

"உனக்கு அறிவிருக்காம்மா? இதுக்கா வந்தோம்னு அவ கேக்க மாட்டா?" என்று கத்தினேன்.

"இன்னா பண்ணச் சொல்ற? கை தானா போவுதுடி" என்று அம்மா அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலையில் எழுந்ததும் அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகினாள். வெளியே போகச் சொன்னோம், போகவில்லை. சுவரோடு ஒட்டி நின்றாள். கொஞ்ச நேரத்தில் வந்தது. தங்கையின் கைகள் போர்வைக்குள் இருந்தன. அம்மா பக்கவாட்டிலிருந்து எட்டி, போர்வையை உருவி எறிந்துவிட்டுச் சுவரோரமே திரும்பி வந்து நின்றாள். "பாருங்க, நல்லா பாருங்க" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள்.

நானும் பார்த்தேன். இடது கை முறுக்கி விறைத்தது. வலது கை நைட்டி பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தது. வாய் எதையோ மென்றது.

அதற்குப் பின் வந்தவையும் அதே மாதிரிதான் இருந்தன. இடம் பிடிபட்டது, ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டர். தங்கை அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. வீடியோவைக் காட்டச் சொல்லி அடம்பிடித்தாள். அவளுக்கு வருவதை அவள் மட்டும் பார்த்ததே இல்லையே.

கண் சிமிட்டாமல் முழுக்கப் பார்த்தாள்.

"இவ்ளோதானா?" என்றாள். "இதுக்காம்மா என்னை மூடி மூடி வச்ச?"

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு வாட்டி போடுங்க சார்" என்றாள் தங்கை.