ஒரே இழுப்பில் வராத புடவை

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில், எங்கள் காஞ்சிபுரத்தில் நடந்தது இது. நான் சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டு முன்னறையிலேயே புடவைக்கு மடிப்பு வைத்துக் கொடுக்கிறவள். கல்யாணப் பெண்களுக்கு மடிப்பு எடுத்து, இஸ்திரி போட்டு, பின் குத்திக் கொடுப்பேன். கட்டத் தெரியாதவர்களுக்குப் பாவாடை போல மாட்டிக்கொள்ளும்படி தைத்தும் கொடுப்பேன். ‘ஒன் மினிட் சாரி’ என்பார்களே, அதுதான். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. அதனால் கையில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஓர் ஆள் வந்தார். வெள்ளை ஷூ, கையில் இரண்டு போன். மல்யுத்தக் காட்சி நடத்துகிறவராம். டிவியில் நாலு பக்கமும் கயிறு கட்டிய மேடையில் மோதிக்கொள்வார்களே, அதையே செவிலிமேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைக்கப் போகிறார்களாம். கூடவே ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தார். ஐயம்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண், இருபத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் மல்யுத்தம் கற்று, மாநிலப் போட்டி வரை போய், இப்போது இதையே தொழிலாக எடுத்துக்கொண்டவள். கூப்பிட்டால்தான் வேலை என்று ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தாள். இந்தக் காட்சியைப் பார்க்கப் பெரிய மல்யுத்தக் கம்பெனி ஒன்றின் ஆட்கள் வருகிறார்கள், அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஒரு வருட ஒப்பந்தம் கிடைக்கும் என்றாள்.

அளவெடுக்கும்போது எல்லோரும் கேட்கிற அசட்டுக் கேள்வியை நானும் கேட்டேன், இதெல்லாம் நிஜ அடியா என்று. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. முழங்கையில் இருந்த தழும்பைக் காட்டி, “விழறது நிஜம்தான்க்கா. யாரு, எப்ப, எப்படி விழணும்னு மட்டும் முன்னாடியே பேசி வெச்சிக்குவோம்” என்றாள்.

பிறகு அந்த ஆள் விஷயத்துக்கு வந்தார். இவள் பட்டுப் புடவையில் மேடை ஏறுவாளாம். எதிராளி வடக்கேயிருந்து வருகிற ஒரு பெரிய உருவப் பெண். அவள் முந்தானையைப் பிடித்து இழுப்பாளாம். இடுப்பில் நான் ஒட்டுப் பட்டை வைத்துத் தைக்க வேண்டுமாம், பள்ளிப் பிள்ளைகளின் ஷூவில் பர்ரென்று பிரியுமே, அந்தப் பட்டை. “ஒரே இழுப்பு மேடம். புடவை மொத்தமா கையோட வந்துரணும். ஜனம் விசில் அடிச்சே மண்டபத்தைப் பேத்துரும்” என்றார்.

எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே முழு பேன்ட்டும் பனியனும் போட்டிருப்பாள், அது எனக்கும் தெரியும். உள்ளே என்ன போட்டிருந்தால் என்ன? கூத்தில் துகிலுரியும் காட்சி வந்தாலே சூடம் ஏற்றிக் கையெடுத்துக் கும்பிடுகிற ஊர் இது. ஊரே நெய்கிற புடவையை ஊர்ப் பெண்ணின் உடம்பிலிருந்து உருவிக் காட்டி விசில் வாங்க வந்திருக்கிறான் இவன். வருஷக்கணக்காக அந்தப் பெண் அடிபட்டுக் கற்றதெல்லாம் இவன் கண்ணுக்குத் தெரியவில்லை, இடுப்புதான் தெரிகிறது!

அவர் மாதிரிக்குக் கொண்டுவந்த பட்டையை அந்தப் பெண் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தலையைக் குனிந்து இடுப்புப் பட்டையையே பார்த்தாள். மூன்று முறை பிரித்துப் பிரித்து ஒட்டினாள். ஒப்பந்தத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள், பாவம் என்று எனக்கு மனசு ஆறவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான்தான் எல்லாம் தெரிந்தவள் ஆயிற்றே.

மறுநாள் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே தெரியும்படி ஒட்டுப் பட்டையை வைத்தேன். அதற்கு உள்பக்கம், கண்ணுக்குப் படாமல், புடவையை இடுப்பில் கட்டும் துணி வாரோடு சேர்த்துத் தைத்தேன். சாதா நூலில் தைத்திருந்தாலும் பரவாயில்லை, இழுத்த இழுப்பில் அறுந்திருக்கும். நான் வீட்டுக்காரர் தறியில் மிஞ்சிக் கிடந்த பாவு இழையை எடுத்தேன். தறியில் ஆயிரக்கணக்கான முறை அடி வாங்கியும் அறுபடாத பட்டு இழை அது. அதை நாலாக முறுக்கி ஐந்து இடத்தில் முடிச்சுப் போட்டேன். இப்போது இழுடா பார்க்கலாம் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. என்னை மூன்றாவது வரிசையில் அந்தப் பெண்ணின் அம்மா பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அரக்குப் புடவை, பச்சைக் கரை. அதில் அந்தப் பெண் மேடை ஏறினதும் கைதட்டல் அடங்கவே இல்லை. எதிராளி ஏறினபோது ஊளையிட்டார்கள்.

முந்தானையில் எதிராளி கை வைத்த நேரத்தில் அந்த அம்மா என் தொடையைத் தட்டி, “இப்பப் பாருமா. இழுத்ததும் நம்ம பொண்ணு சுத்திக்கினு வெளிய வந்து, அதே புடவையைத் தூக்கி அவ தலை மேல போட்டு வளைச்சிடுவா. ஒரு வாரமா எங்க மாட்டுக் கொட்டாயில வைக்கோலைப் பரப்பி ரெண்டு பொண்ணுங்களும் பழகிச்சிங்க. அந்த ஆளுக்கே தெரியாது” என்றார் சிரித்துக்கொண்டே.

அன்று என் வீட்டில் குனிந்த தலையோடு அவள் என்ன பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. பட்டை எந்த இடத்தில் விடும் என்று கணக்குப் பார்த்திருக்கிறாள். எழுந்து கத்துவதற்குள் இழுத்தாயிற்று.

பட்டை பர்ரென்று பிரிந்தது. புடவை வரவில்லை. புடவை விட்டுவிடும் என்று நம்பி அவள் முழு வேகத்தில் சுழன்றாள். என் தையல் அவளைப் பாதியில் பிடித்து இழுத்தது. மடிப்பில் கால் சிக்கி, பக்கவாட்டில் போய் மூலைக் கம்பத்தில் தோளோடு மோதினாள். அந்தச் சத்தம் மூன்றாவது வரிசைக்குக் கேட்டது.

எதிராளி ஓடி வந்து அவள் மேல் விழுந்து அமுக்கினாள். இடுப்பில் முகத்தைப் புதைத்துக் கடித்தாள். கடிக்கிறாள் பாவி என்று மண்டபமே எழுந்து திட்டியது. தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்து போய் அவள் முதுகில் விழுந்தது. பக்கத்தில் அம்மாவும் சாபம் விட்டார். அவள் எதைக் கடிக்கிறாள் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பல்லால் அறுத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது முடிச்சு அறுந்ததும் புடவை கழன்றது. இவள் ஒற்றைக் கையால் அதைத் தூக்கி எதிராளியின் தலையில் போட்டு வளைத்துக் கீழே தள்ளினாள். பேசி வைத்தபடியே ஜெயித்தாள். விசில் பறந்தது.

மண்டபத்தின் பின்னால், சமையல்கட்டுப் பக்கம், அவள் தோளில் ஐஸ் கட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எதிராளி. ஈறு கிழிந்து ரத்தம், உதட்டில் ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழ் தெரியாது, என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் வாய் திறப்பதற்குள் வெள்ளை ஷூ வந்துவிட்டார். அந்தக் கடி பிரமாதம், அடுத்த ஊரிலும் அதையே வைத்துவிடலாம் என்றார். தோள் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெடித்துவிட்டேன். உன் வீட்டுப் பெண்ணின் புடவையை இப்படி இழுக்க விடுவாயா என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். இழுத்தால் வரக்கூடாது என்றுதான் பாவு இழையால் தைத்தேன் என்று அழுதுகொண்டே சொல்லியும்விட்டேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவிவிட்டார். அப்போது அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: “அவரைத் திட்டறது சரிதான்க்கா. ஆனா எங்க இழுப்பாங்கன்னு அவராச்சும் எங்கிட்ட சொன்னாரு. நீங்க அதுகூட சொல்லல.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

தோள் சரியாக இரண்டு மாதம் ஆனது. அந்த வருட ஒப்பந்தம் வேறொருத்திக்குப் போனது. கேட்கிறவர்களிடமெல்லாம் கால் இடறிவிட்டது என்றே சொன்னாள், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறுவருடம் வேறொரு கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. அதற்கு நான் சந்தோஷப்படலாம், பெருமைப்பட எனக்கு உரிமையில்லை.

போன மாதம் அதே அரக்குப் புடவையோடு வந்து நின்றாள். திரும்ப மடிப்பு வைத்துத் தர வேண்டுமாம். என்னிடமே வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. சாக்கட்டியை அவள் கையில் கொடுத்து, “எங்க பிடிக்கணும், எங்க விடணும், நீயே கோடு போடுமா” என்றேன். குனிந்து, யோசித்து, இரண்டு இடத்தில் கோடு போட்டாள். அந்தக் கோட்டின் மேலேயே தைத்தேன்.

அந்த வெள்ளை ஷூக்காரர் மேல் எனக்குக் கோபம் இன்றைக்கும் தீரவில்லை, தீர்த்துக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. ஆனால் யாருக்காக என் ரத்தம் கொதிக்கிறதோ, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இப்போதெல்லாம் நான் ஊசியில் நூல் கோர்ப்பதில்லை.