கரிக்குச்சி மேல் ஒரு படலம்

பிள்ளைகளே, தீர்ந்துபோன பேட்டரிக் கட்டையை உடைத்தால் நடுவில் ஒரு கரிக்குச்சி இருக்கும். சித்தூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் முதுகலை படித்த என் மகள் அந்தக் குச்சிகளில்தான் கடைசி வருஷ புராஜெக்ட் செய்தாள். குச்சியின் முனையை மழமழவென்று தேய்த்து, அதில் ஒரு வேதிப்பொருளைப் படலமாக ஒட்டவைப்பாள். படலம் கண்ணுக்குத் தெரியாது. மெல்லியதாக இருந்தால் எலக்ட்ரான்கள் தாண்டிப் போகும், தடித்தால் நின்றுவிடும். எவ்வளவு கனம் வரைக்கும் தாண்டும் என்பதுதான் அவள் கேள்வி. பத்தாவதோடு நின்ற எனக்கு, அவள் சொல்லிச் சொல்லி இவ்வளவு பிடிபட்டது.

எங்கள் ஊர் எருத்தேன்பதியில் ஆயுத பூஜைக்கு மண்வெட்டி முதல் டிராக்டர் வரை கழுவிப் பொட்டு வைப்போம். மகளும் தயாரான குச்சிகளை டப்பாவோடு பூஜையில் வைத்திருந்தாள். என் அண்ணன் டப்பாவைத் திறந்து, படிக்கிற பிள்ளையின் சாமான் அழுக்காக இருக்கலாமா என்று, எல்லாவற்றையும் புளி போட்டு நாரால் தேய்த்து, முனையில் சந்தனமும் பூசிவிட்டார்.

ஒட்டவைத்த படலமெல்லாம் போய்விட்டதென்று மகள் டப்பாவோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழுக்கில்லீங்க பெரியப்பா. என்ற படிப்பே அதானுங்க."

"கண்ணுக்கே தெரியாதது இருக்குதுன்னு நான் எப்புடிக் கண்டேன், கண்ணு?"

மறுபடி செய்ய நாள் போதாது, சுலபமான தலைப்புக்கு மாறு என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். முடிக்காவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். மாற மாட்டேன் என்றாள் மகள். சொந்தக்காரர்கள் என்னிடம் வந்து, பிள்ளைக்குப் புத்தி சொல்லச் சொன்னார்கள்.

"எனக்குப் புரியலீங்கறதுக்காக அவளை நிறுத்தச் சொல்ல மாட்டனுங்க" என்றேன். சிலர் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

அண்ணன் ஊரெல்லாம் கேட்டு ஒரு பை நிறையப் பழைய பேட்டரிக் கட்டைகள் கொண்டுவந்தார். மகள் முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் வந்தாள். சந்தனம் பூசிய குச்சியையும் அவள் விடவில்லை. கரண்ட் துளியும் போகவில்லை என்று அளந்து, கரண்டின் அளவைக் கோடாகக் காட்டும் படத்தில் அதையும் சேர்த்தாள். நம்ம சந்தனம் கரண்டையே நிறுத்திவிட்டதா என்று அண்ணனுக்கு ஒரே பெருமை.

மெல்லிய படலத்தில் கோடு மேலே ஏறியது. தடித்ததில் படுத்துக்கொண்டது. அந்த வருஷமே தேறினாள்.

சுலபமானதை எடுத்திருக்கலாமே என்று வாய்மொழித் தேர்வு எடுத்தவர் கேட்டாராம். அது என் கேள்வி இல்லையே என்றாளாம்.