அண்ணனும், கை காட்டினால் நிற்கும் சிட்டும்

அன்று நத்தம் சாலையோரத்தில் எங்கள் பக்கமாக நின்றவர்கள் நால்வர்: அம்மா, பெரியப்பா, சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த மாமா, நான். வராதவர் அண்ணி. அவர் அப்போது எங்களுக்கு அண்ணியாகியிருக்கவில்லை. ஆவாரா மாட்டாரா என்று முடிவு செய்யத்தான் அவருடைய அப்பாவான அந்த மாமா வந்து நின்றார்.

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் என்ன எழுதலாம் என்று அண்ணியிடம் கேட்டேன். "அவுக பொறந்தது, வளந்தது எல்லாம் எழுதுங்க தம்பி. ஆனா அந்தப் பந்தயத்தை விட்டுறாதீக. அம்புட்டுப் பேரும் பாத்தீக, நான் மட்டும் பாக்கலை" என்றார். பெரியப்பாவுக்கு இதில் உடன்பாடில்லை. "ஏலே, செத்தவன் பேருல போடுற புத்தகத்துல குதிரைப் பந்தயத்தையா எழுதுவ? இதுக்கா உன்னய காலேஜுக்கு அனுப்புனோம்?" என்று கோபித்துக்கொண்டார். அவருடைய கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு; அதையும் சொல்கிறேன். வேண்டியவர்களும் உறவினர்களும் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் பிறந்தது திண்டுக்கல்லில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஜட்கா வண்டிக்காரர்கள் குடியிருந்த சந்தில். அப்பாவும் ஜட்கா ஓட்டியவர்தான். அப்பா காலமானபோது அண்ணனுக்கு மீசை அரும்பவில்லை, நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேன். கருமாதி முடிந்த மறுவாரமே அண்ணன் வண்டியைப் பூட்டிவிட்டார். கால் எட்டாததால் பலகை ஒன்றைக் குறுக்கே போட்டு அதில் காலை ஊன்றி ஓட்டுவாராம். பள்ளிக்கூட வாசலுக்குத் தினமும் காலையிலும் மாலையிலும் போனவர் அண்ணன். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்புவார். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. அந்த வண்டியின் பின்பக்கத்தில் காலைத் தொங்கவிட்டபடி போய் இறங்கிய நான், எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் பள்ளிக்குள் நுழைந்தேன். பட்டம் வாங்கியதும் அந்த வண்டியில் போய்த்தான்.

அண்ணன் எப்போதும் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களிடம் கூலி பேச மாட்டார், கொடுத்ததை வாங்கிக்கொள்வார். சினிமாவுக்குப் போகிறவர்களிடம் நாலணாகூட விட்டுக்கொடுக்க மாட்டார். "அழுகப் போறவுககிட்ட என்ன பேரம்? சிரிக்கப் போறவுக குடுக்கட்டுமே" என்பார். பீடி, சாராயம் தொட்டதில்லை. சீட்டு விளையாடும் இடத்தில் நிற்கக்கூட மாட்டார். அவருக்கு இருந்த ஒரே ஆசை, திருவிழாக்களில் நடக்கும் குதிரைவண்டிப் பந்தயத்தில் ஓட்டுவது.

சிட்டு என்ற செவலைக் குதிரையை அண்ணன் வாங்கியபோது அது எலும்பும் தோலுமாக இருந்தது. கொள்ளும் புல்லும் போட்டுத் தேற்றினார். ஓட ஆரம்பித்தால் காற்றுதான். ஆனால் அதற்கு ஒரு பழக்கம் ஏறிப்போயிருந்தது. யாராவது சாலையோரத்தில் தனியாக முன்னே வந்து ஒற்றைக் கையைத் தூக்கினால், அண்ணன் கடிவாளத்தை இழுக்காமலே நின்றுவிடும். வயிற்றுப்பாட்டுக்கு அது நல்ல பழக்கம். பந்தயத்துக்கு ஆகாது.

வடமதுரையில் முதன்முதலாக ஓடியபோது முன்னால் வந்துகொண்டிருந்த சிட்டு, யாரோ ஒருவர் உற்சாகத்தில் "போடு!" என்று கையை உயர்த்தியதும் அவர் முன்னால் போய்ச் சமர்த்தாக நின்றுவிட்டது. அவர் பயந்து போய், "நான் எங்கயும் வரலைய்யா" என்றாராம். அன்றைக்கு மூன்றாம் இடம். கூட்டமாக நூறு கைகள் ஆடினால் சிட்டு கண்டுகொள்ளாது, தனிக் கைதான் ஆகாது என்று அண்ணன் கண்டுபிடித்தார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டானது. பந்தயம் பார்க்கப் போனால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்ள வேண்டும். வாயால் மட்டும்தான் உற்சாகப்படுத்தலாம். ஜட்கா ஸ்டாண்டு நண்பர்களும் ஆங்காங்கே அப்படியே நிற்பார்கள். ரெட்டியார்சத்திரத்தில் எங்களைப் பார்த்து ஒருவர், "என்னப்பு, போலீஸ்ல புடிச்ச மாதிரி அம்புட்டுப் பேரும் கையக் கட்டி நிக்கிறீக?" என்று கேலி செய்தார். அன்று சிட்டு முதலாவதாக வந்து பித்தளைக் குடம் வாங்கியது. அம்மா குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டே பஸ் ஏறினார். இன்றும் எங்கள் வீட்டில் தண்ணீர் அதில்தான்.

அண்ணனுக்கு அம்மா பெண் தேடியபோது, சாணார்பட்டிப் பக்கம் பூ விவசாயம் செய்யும் குடும்பம் ஒன்று அமைந்தது. பெண் பார்த்தாகிவிட்டது, இரு பக்கமும் பிடித்துவிட்டது. வெற்றிலை மாற்ற நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் பெரியப்பா, பெருமையாகப் பேசுகிறோம் என்று நினைத்து, பெண்ணின் அப்பாவிடம், "எங்க பயலை லேசா நினைச்சிராதீக. குதிரைப் பந்தயத்துல அவனை அடிச்சுக்க இந்தச் சுத்துவட்டாரத்துலயே ஆள் இல்ல" என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டு நாளில் ஆள் வந்தது: பெண் கொடுப்பதற்கில்லை.

விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த மாமாவின் கூடப்பிறந்த அண்ணன் ஒருவர் மெட்ராசுக்குப் போய்க் குதிரைகள் மேல் பணம் கட்டிக் கட்டி, கிணற்றோடு சேர்ந்த தோட்டத்தை இழந்து, கடைசியில் ஊரைவிட்டே போனவர். அந்த வீட்டில் குதிரைப் பந்தயம் என்றால் அது ஒன்றுதான். எங்கள் வீட்டிலோ பந்தயம் என்றால் வண்டி ஓட்டுவது. ஒரே சொல் இரண்டு வீட்டில் இரண்டு பொருளாக இருந்தது. பெரியப்பா தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா, "இனிமே பந்தயத்துக்கே போகமாட்டேன்னு சொல்லிவிடுப்பா, எல்லாம் சரியாயிரும்" என்று கெஞ்சினார்.

அண்ணனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. எங்களுக்குத் தெரியும், அந்தச் சேதி வந்ததிலிருந்து அவர் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அம்மாவிடம் சொன்னார்: "விட்டுர்றேன்னு சொன்னா தப்புச் செஞ்சவன்னு ஆயிரும்மா. நாளப்பின்ன அந்தப் புள்ள அந்த நெனப்போடயே வந்து நம்ம வீட்டுல இருக்கணும். வர்ற பந்தயத்துக்கு அவுக அப்பாவை வந்து பாக்கச் சொல்லுங்க. பாத்துட்டு வேண்டாம்னா வேண்டாம்."

அப்படித்தான் மாமா பந்தயத்தன்று காலை நத்தம் சாலையோரத்தில் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முகத்தில் சிரிப்பே இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "காசு கட்டுற எடம் எது தம்பி?" என்பதுதான்.

"அப்படி எடமே இல்ல மாமா. ஓட்டுறவுகதான் கமிட்டியில நுழைவுக் கட்டணம் கட்டுவாக. ஜெயிச்சா பரிசு."

"பாக்குறவுக?"

"பாக்குறவுக பாப்பாக. அம்புட்டுத்தான்."

அவர் நம்பவில்லை. கூட்டத்துக்குள் இரண்டு முறை சுற்றிவந்தார். யார் மடியில் யார் கை போகிறது என்று பார்த்தபடியே நடந்தார். மாங்காய் விற்பவரிடம் ஒருவர் சில்லறை கொடுத்தபோது பக்கத்தில் போய் எட்டிப்பார்த்தார். பிறகு வந்து எங்களோடு நின்றார். சாலை வளைந்து எல்லைக் கொடிக்குப் போகும் கடைசித் திருப்பம் அது. கூட்டம் அங்கே அதிகமில்லை.

பெரியப்பா, "சம்பந்தி, ஒண்ணே ஒண்ணு. கையை மட்டும் தூக்கிறாதீக" என்று சொல்லி, தன் கையைப் பின்னால் கட்டிக் காட்டினார்.

"இன்னும் சம்பந்தி ஆகலை" என்றார் மாமா. ஆனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மைக்செட்டில் வண்டிகள் திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். தூரத்தில் புழுதி தெரிந்தது. முதலில் ஒரு கறுப்புக் குதிரை, அதை ஒட்டிச் சிட்டு. அண்ணன் வண்டியில் குனிந்து நின்றபடி நாக்கால் சத்தம் கொடுத்துக்கொண்டு வந்தார். சாட்டையை எடுக்கவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். சிட்டு கறுப்பை நெருங்கியது, சமமாக வந்தது, ஒரு தலை முந்தியது. பக்கத்தில் மாமாவின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. "அட... அட..." என்றார். வண்டி எங்களை நெருங்கியதும் அவர் இரண்டடி முன்னே பாய்ந்து, வலது கையை வானத்துக்குத் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினார்:

"விடு மாப்ள! விடு!"

சிட்டு நின்றது.

கறுப்புக் குதிரை தாண்டிப் போனது. பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டின. மாமா தூக்கிய கையை இறக்கத் தெரியாமல் நின்றார். பெரியப்பா, "போச்சு, எல்லாம் போச்சு" என்று தரையில் உட்கார்ந்தார். அம்மா மட்டும் கண்ணைத் திறந்து, "என்னன்னு கூப்பிட்டாரு? மாப்ளன்னா கூப்பிட்டாரு?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

அண்ணன் வண்டியிலிருந்து குனிந்து பார்த்தார். கோபம் என்பதே முகத்தில் இல்லை. ஸ்டாண்டில் தினமும் கேட்கும் அதே குரலில் கேட்டார்:

"ஏறுங்க மாமா. எங்கிட்டுப் போகணும்?"

மாமா ஏறிவிட்டார். மைக்செட்காரர், "சிட்டு வண்டி சவாரி ஏத்தியிருச்சுப்பா!" என்று சொல்ல, அத்தனை சனமும் சிரித்தது. கடைசி வண்டியாக இருவரும் எல்லைக் கொடியைக் கடந்தார்கள். வண்டிக்குள் பேசிக்கொண்டதை மாமா பலமுறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். "தோக்க வச்சுட்டேனே மாப்ள, சங்கடமா இல்லையா?" என்று இவர் கேட்க, "நிக்கிறது அதோட பொழப்பு மாமா. ஓடுறது என் ஆசைக்குத்தானே" என்றாராம் அண்ணன்.

பந்தய வண்டியில் ஓட்டுபவரைத் தவிர வேறு ஆள் ஏறக்கூடாது என்பது விதி. கமிட்டியார் சிரித்துக்கொண்டேதான் தெண்டம் போட்டார்கள். மாமா மடியை அவிழ்த்தார். "நாந்தானே நிப்பாட்டுனேன், நான் கட்டுறேன்." அண்ணன் விடவில்லை. "சரி, வண்டிக் கூலியாவது வாங்கிக்க" என்றார் மாமா.

"வேண்டாம் மாமா. பந்தயத்துல நான் காசு வாங்கினேன்னு ஊர்ல போய்ச் சொல்லிருவீக."

அப்போதுதான் மாமா அன்று முதன்முதலாகச் சிரித்தார். அடுத்த முகூர்த்தத்தில் கோயிலில் கல்யாணம் நடந்தது. நகை, சீர் என்று அண்ணன் எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். அண்ணன் பந்தயங்களில் ஓட்டினார். தோட்டத்து மல்லிகையை மூட்டை கட்டிச் சந்தைக்கு அனுப்பிவிட்டு மாமாவும் வந்துவிடுவார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை வந்து அண்ணன் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தார். குளுக்கோஸ் பாட்டிலைச் சரிசெய்ய நர்சு கையைத் தூக்கியபோது, "கையைத் தூக்காதீகம்மா, நான் நின்னுருவேன்" என்றார். அண்ணி சிரித்தார், பிறகு வராந்தாவுக்குப் போய் அழுதார். அதற்கு அடுத்த வாரம் அண்ணன் நின்றுவிட்டார்.

இறுதி ஊர்வலத்தில் பாடையைத் தூக்கியவர்கள் ஸ்டாண்டு நண்பர்கள். சந்து முனை திரும்பும் இடத்தில் மாமா கூட்டத்தை விட்டு விலகி முன்னால் போனார். சாலையோரத்தில் தனியாக நின்று வலது கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றார்கள். "செத்த நேரம் நிக்கட்டும்ப்பா" என்றார் மாமா. நின்றோம். பிறகு அவரே கையை இறக்கினார். பெண்கள் வீட்டோடு நின்றுவிட்டதால் அண்ணி இதையும் பார்க்கவில்லை. அதனால் இதையும் எழுதுகிறேன்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் நர்சம்மாவுக்கும், இந்த ஓராண்டாக எங்கள் குழந்தைகளைக் கூலி வாங்காமல் பள்ளிக்கும் பால்வாடிக்கும் கொண்டுபோய் விடும் ஜட்கா ஸ்டாண்டு அண்ணன்மார்களுக்கும், சிட்டுக்குத் தன் தோட்டத்தில் புல்லும் நிழலும் கொடுத்து வைத்திருக்கும் மாமாவுக்கும், துக்கத்தில் வந்து தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெரியப்பாவும் கடைசியில் இறங்கிவந்தார். "சரி, எழுதித் தொலை. ஆனா பந்தயம்னு போடாத, ஓட்டப்போட்டின்னு போடு" என்றார். அண்ணன் வாயில் அது பந்தயம்தான். ஆகவே பெரியப்பா என்னை மன்னிக்க வேண்டும்.

அண்ணி ஒன்று கேட்டார்: "அன்னிக்கு நம்ம பக்கம் என்னதான் செலவாச்சு தம்பி? அவுக சொல்லவே இல்ல." கமிட்டியில் அண்ணன் எண்ணிக் கொடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன், அண்ணி. நுழைவுக் கட்டணம் இருபத்தைந்து, மாமாவை ஏற்றியதற்குத் தெண்டம் பதினொன்று. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வர ஆனது, மொத்தம் முப்பத்தாறு ரூபாய்.