பங்காளி மேசைகள்

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் அறையில் கணினிப் பைத்தியங்கள் கூடுவோம். லினக்ஸ்காரர்களுக்கு ஒரு மேசை, பி.எஸ்.டி.காரர்களுக்கு ஒரு மேசை. இரண்டு இயங்குதளங்களும் யூனிக்ஸ் என்ற ஒரே பாட்டன் வழி வந்தவை. அதனால்தான் இந்தப் பங்காளிச் சண்டை. விண்டோஸ்காரர் யாராவது வந்தால் நாற்காலி போட்டு உட்காரவைப்போம். எங்களுக்குள் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

சண்டைக்கு ஒரு சடங்கும் உண்டு. மேசைக்கு ஒரு மடிக்கணினி, ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்க வேண்டும். எது பிந்தி எழுகிறதோ அந்த மேசைக்காரர்கள்தான் எல்லோருடைய காப்பிக் கோப்பைகளையும் கழுவ வேண்டும்.

நான் மதுரைக்காரன், லினக்ஸ் கட்சி. எதிர் மேசையின் தூண் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். பல வருடம் உணவகச் சமையலறையில் நின்றுவிட்டு, நாற்பதைத் தாண்டியபின் கணினித் தொழிற்பயிற்சியில் சேர்ந்தவர். அவர் படித்து முடிக்கும்வரை என்று அவருடைய மனைவி விடிகாலையில் ஒரு வேலை, மாலையில் ஒரு வேலை என ஓடிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை, கூட்டம் நடக்கும் அன்றே, அண்ணன் தன் இறுதித் திட்ட அறிக்கையை மாலை ஆறு மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் கடைசிப் பரீட்சை எழுத விடமாட்டார்கள், இன்னும் அரை வருடம் காத்திருக்க வேண்டும்.

மனிதர் என்ன செய்தார் தெரியுமா? போன மாதம் கோப்பை கழுவிய ரோஷத்தில், அன்று காலை கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் கருவையே, தன் கையால் செதுக்கியிருக்கிறார். தேவையில்லாததை நீக்கினால் வேகமாக எழும் என்று கணக்கு. நீக்கியதோடு ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கும் பகுதியும் போய்விட்டது. பழைய கெர்னலின் நகல் ஒன்று எப்போதும் இருக்கும். ஆனால் திருப்தி வராமல், எழுப்பிப் பார்க்காமலே இரண்டு முறை செதுக்கியதில் அதுவும் அழிந்திருந்தது. அறிக்கை கொடுக்கிற நாளில் இப்படிச் செய்ய எங்கள் ஜாதியால் மட்டும்தான் முடியும்!

பொத்தானை அமுக்கினோம். என்னுடையது எழுந்தது, அவருடையது பாதியில் நின்றது. எங்கள் மேசை கைதட்டியது. அவர் முகத்தைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது.

"அறிக்கை உள்ளுக்கை கிடக்கு தம்பி," என்றார். "கடைசிப் பக்கம் இன்னும் எழுதேல்லை."

"அண்ணே, என்கிட்ட லினக்ஸ் பென்டிரைவ் இருக்கு. அதுல மெஷின பூட் பண்ணி எழுப்பி, அறிக்கைய எடுத்துடலாம்."

"என்ர மெசினிலை லினக்ஸோ? ஏலாது. வீட்டை போய் என்ர பென்டிரைவை எடுத்துக்கொண்டு வாறன்."

"மணி அஞ்சு தாண்டிருச்சு. போயிட்டு வர்றதுக்குள்ள ஆறாயிடும். ரோஷத்த கொஞ்சம் ஓரமா வைங்கண்ணே!"

பி.எஸ்.டி. ஸ்டிக்கர்கள் ஒட்டிய அந்தக் கணினியில் லினக்ஸ் எழுந்தது. அறிக்கை அப்படியே இருந்தது. அண்ணன் வேண்டாவெறுப்பாக விசைப்பலகையில் கை வைத்தார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் தாமாக ஓடின. அதே பழைய எடிட்டர், அதே கட்டளைகள். பாகம் பிரிக்காமல் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கிடந்த சொத்து.

"எல்லாம் இருந்த இடத்திலைதான் இருக்கு," என்று முணுமுணுத்தார். எனக்கு அந்த மனிதர்மீது அப்படியொரு பாசம் வந்தது.

ஆறு அடிக்கச் சற்று முன்பு ஏற்றினோம். கிடைத்துவிட்டது என்ற பதில் திரையில் வந்ததும், அவர் கைப்பேசியை எடுத்து மனைவியை அழைத்தார்.

"இஞ்சாரும், குடுத்திட்டன். ஓம், நேரத்துக்குக் குடுத்திட்டன்."

மறுமுனையில் அவர் மனைவி விம்முவது எனக்கே கேட்டது.

"அழாதையும்," என்றார், தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சோதினை முடிஞ்ச உடனை அந்த விடியக்காலமை வேலையை விட்டிடும்."