வாவியடி அக்கா இறந்தது தெரியாதவர்கள்

அன்று காலை நான் முதலில் செய்தது, விடுதி வரவேற்பறைக் கணினியைத் திறந்து என்னோடு அங்கே வேலை செய்த ரஞ்சிதமலர் அக்காவுக்கு வந்திருந்த கேள்விகளைப் பார்த்ததுதான். சீன மொழி இணையக் கருத்துக்களம் ஒன்றில் நான்கைந்து பேர் எங்கள் பாசிக்குடாக் கடற்கரையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். "கெதியா வாங்கக்கா, உங்கட ஆக்கள் காவல் நிக்கிறாங்க" என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு அவருடைய மகள்தான் அழைத்தாள். "அன்ரி, அம்மா விடிய நெஞ்சு நோகுதெண்டவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்குள்ள முடிஞ்சிட்டு."

இந்த நினைவு மலரை வாசிக்கும் பழுகாமத்து உறவுகளே, கூட வேலை செய்தவர்களே, அக்கா கைபேசியைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பதைக் கண்டிருப்பீர்கள். சிங்கப்பூரில் ஒரு சீனர் வீட்டில் வேலை செய்தபோது, அந்த வீட்டுப் பிள்ளையின் பாடங்களோடு சேர்ந்து எழுத்துகளைப் பழகியவர் அவர். ஊர் திரும்பியதும் மொழி மறந்துபோகாமலிருக்க அந்தக் களத்தில் சேர்ந்தார். 'வாவியடி அக்கா' என்று பொருள்படும் சீனப் பெயர் வைத்துக்கொண்டார். அப்போது அது சின்னக் களம். கேள்விக்குப் பதில் வரக் கிழமையாகும். பிறகு அது பெருகிய வேகத்தில் பழைய ஆட்களைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. "முந்தி வாசல்ல நிண்டு கதைச்ச மாதிரி புள்ள. இப்ப தேர்த் திருவிழா. தெரிஞ்ச முகத்தைக் கண்டா கையைப் பிடிச்சிக்கொள்ளணும்" என்பார்.

களத்தில் ஒரு பெண் தன் தாயை மார்கழியில் இங்கே அழைத்துவர விரும்பினார். 'அம்மாவுக்கு நீந்தத் தெரியாது, கடலில் கொஞ்சத் தூரம் நடந்தால் போதும்' என்று எழுதியிருந்தார். மார்கழியில் மழை, கடல் கலங்கிக் கிடக்கும், சித்திரையில் வாருங்கள் என்று அக்கா பதில் போட்டார். அதைக் கேள்விப்பட்டு விடுதி முகாமையாளர் கத்தினார்.

"அறையெல்லாம் காலி. நீங்க வாற ஆக்களைத் திருப்பி அனுப்புறீங்க!"

"பிந்தி வரச் சொன்னன் சேர். பொய் சொல்லிக் கூப்பிட்டா, வந்தவ கடலைப் பாப்பாவா, என்ட மூஞ்சியைப் பாப்பாவா?"

சித்திரையில் அவர்கள் வந்தார்கள். முழங்காலளவு நீரில் அந்தத் தாய் அக்காவின் கையை விடாமல் சிரித்துக்கொண்டே நடந்தார். அந்தப் படம் களம் முழுக்கப் பரவியது. அதன் பிறகு எங்கள் அறைகள் காலியாக இருந்த நாள் குறைவு.

அக்காவின் காடாற்றுச் சடங்கு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்றே முகாமையாளர் கூப்பிட்டார். "இனி நீங்க அவவா எழுதுங்க. கடைசியில சிரிப்புப் படம் ஒண்டு போட்டாச் சரி. ஆருக்குத் தெரியப்போகுது?"

ஓம் என்றேன். எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குவது நான் மட்டும். இந்தப் பக்கம் வேலை தேடி அலைந்தவர்களுக்கு அந்த 'ஓம்' விளங்கும். அக்கா பழக்கிய கொஞ்சச் சீனத்தையும் கைபேசி மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொண்டு தினமும் அவர் பெயருக்குள் போய் உட்கார்கிறேன். பஸ் நேரம், சாப்பாடு என்று எழுதுகிறேன். வெளியே வரத் தெரியவில்லை. பழைய ஆள் ஒருவர் கேட்டார்: "அக்கா, இப்போதெல்லாம் ஒற்றை வரியில் பதில் சொல்கிறீர்களே, உடம்புக்கு முடியவில்லையா?"

இந்தக் கிழமை இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஊன்றுகோலோடு நடக்கும் தகப்பனை மார்கழியில் கூட்டிவரலாமா, நீங்கள் சொன்னால் பயணச்சீட்டு எடுக்கிறோம் என்று. "வரச் சொல்லுங்க" என்கிறார் முகாமையாளர். நான் இன்னும் பதில் எழுதவில்லை.

நம் ஊர்ப்பக்கத்தில் பகையான வீட்டுக்கும் சாவைச் சொல்லி அனுப்புவோம். கலியாணத்துக்குச் சொல்லாவிட்டால் பொறுப்பார்கள். சாவைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் காலத்திலும் முகம் பார்க்கமாட்டார்கள். அக்காவுக்காகச் சந்தி வரை துக்கத்துக்கான வெள்ளைக்கொடி கட்டினோம். ஓட்டமாவடியில் அவர் துணி வாங்கும் கடைக்காரருக்கும் ஆள் போனது. இத்தனை வருடம் தினமும் அவரோடு கதைத்தவர்களுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான்.

கேட்டவருக்கு உள்ளதைச் சொல்லிவிட்டு, அதற்காக ஏச்சு வாங்கினாலும் அடுத்த வேலையைப் பார்க்கப் போகும் அந்த நடை, அதைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். இதுவரை எடுத்து நடந்ததில்லை. முப்பத்தோராம் நாளன்று இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வருமுன், களத்தில் என் சொந்தப் பெயரில் எழுதுவேன்: வாவியடி அக்கா இறந்துவிட்டார், மார்கழியில் தகப்பனைக் கூட்டிவராதீர்கள். இதனால் என் வேலை போகலாம் என்று வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.